கிட்னியாகவே இருக்கட்டும்

தோ பாயோ கோயிலில் அன்று காலை அழகப்பன் வேண்டிக்கொண்டது அர்ச்சகர் காதில் விழுந்திருந்தால், கையிலிருந்த தட்டைக் கீழே போட்டிருப்பார். என் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்க வேண்டும் தாயே என்று உலகத்தில் யாராவது கைகூப்பிக் கேட்பார்களா? அழகப்பன் கேட்டார். அதோடு விடாமல், ரொம்ப வேண்டாம், கொஞ்சம் கெட்டிருந்தால் போதும் என்று பேரமும் பேசினார். பக்கத்தில் கண்மூடி நின்ற மனைவி பாக்கியலட்சுமி என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நடந்த கூத்தில் பாதி நடந்திருக்காது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய சர்க்கரை நோய்க்கு வயது இருபத்திரண்டு. காலையில் மாத்திரை, படுக்கும் முன் ஓர் ஊசி, காப்பிக் கடையில் சீனி போடாத கோப்பி ஓ கோசோங் என்று அதோடு ஒரு மாதிரி குடித்தனம் நடத்தப் பழகியிருந்தார். போன மாதம் பாலிகிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு நர்ஸ் வந்தாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஞாபக சக்தி குறையப்போவதை ரத்தத்தை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டாள். சேர்ந்தால் சூப்பர்மார்க்கெட் வவுச்சர் உண்டு. அழகப்பன் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். "வவுச்சர்னு சொன்னா போதும், இந்த மனுஷன் ரத்தத்தையே குடுத்துட்டு வந்துடுவார்" என்று பாக்கியலட்சுமி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அவர் சேர்ந்தது வவுச்சருக்காக அல்ல.

சாங்கி விமான நிலையத்தில் சரக்கு விமானங்களுக்கு எடைத் திட்டம் போடுவது அழகப்பனின் வேலை. முப்பத்தாறு வருடமாக அதே வேலை. எந்த பேலட், அதாவது பலகையில் அடுக்கிக் கட்டிய சரக்கு, எத்தனை டன், அது விமானத்துக்குள் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று தீர்மானித்து, லோட் ஷீட் என்ற எடைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விமானமும் ஒரு தராசுதான். பின்னால் கனம் கூடினால் மூக்கைத் தூக்கிக்கொள்ளும், முன்னால் கூடினால் எழும்ப மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏறி உட்காருகிறார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம், முன்னால் போக வேண்டிய மூன்று டன் பேலட்டைப் பின்னாலும், பின்னால் போக வேண்டிய ஒன்றேகால் டன்னை முன்னாலும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பக்கத்து மேசை ரிஸ்வான் தற்செயலாக எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது ரெண்டும் மாறியிருக்கு லா" என்றான்.

"பார்த்தேன் பார்த்தேன். திருத்தத்தான் போறேன்" என்று அழகப்பன் வாய்கூசாமல் சொன்னார்.

பார்க்கவில்லை. தப்புப் பண்ணாத மனிதன் யார்? அதற்காக அவர் கலங்கவில்லை. ரிஸ்வான் விரலை வைத்துக் காட்டிய பிறகும், அந்தத் தாளில் என்ன தப்பு என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு நிமிடம்தான் அவரைக் கலங்கடித்தது. ரிஸ்வான் நல்லவன், யாரிடமும் மூச்சு விடவில்லை. அழகப்பனும் பாக்கியத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தூங்க மாட்டாள், அவரையும் தூங்க விடமாட்டாள். அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டதும் கையை நீட்டினார். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று அழுத்திக் கோடு போட்டார்.

அந்த முடிவைக் கேட்டுவிட்டு வந்த மறுநாள்தான் கோயில்.

முடிவைச் சொன்ன டாக்டர் யாமினிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நம்ம பெண், தமிழிலேயே பேசினாள். "அங்கிள், நீங்க பேப்பர்ல செஞ்ச ஞாபக டெஸ்ட் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க ரத்தத்துல டவ்னு ஒரு புரதம் பார்த்தோம். மூளையில பாதிப்பு ஆரம்பிச்சா அது ரத்தத்துலயும் கூடும். மறதி வெளிய தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே கூட ஏறலாம். உங்களுக்கு ஏறியிருக்கு."

"அப்படின்னா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

"இது முடிவு இல்ல ஆண்ட்டி, சந்தேகம்தான். கிட்னி சரியா வேலை செய்யலன்னாலும் இந்த நம்பர் ஏறும். சுகர் உள்ளவங்களுக்கு கிட்னி கொஞ்சம் டவுன் ஆகிறது சகஜம். அதனால முதல்ல கிட்னிய செக் பண்ணிடுவோம். அதுல குறை இருந்தா மூளைய அவ்வளவு சந்தேகப்பட வேண்டியதில்ல."

இதைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. இருபத்திரண்டு வருடமாக எந்த உறுப்பு கெட்டுவிடக் கூடாது என்று பாகற்காயும் வெந்தயமுமாகப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்களோ, அந்த உறுப்பு இப்போது கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது.

வெளியே வந்தபோது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். தமிழிலும் அச்சடித்திருந்தது. அடுத்த வியாழன் மூன்று மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், தண்ணீர் வழக்கம்போல் குடிக்கலாம், முந்தின நாளிலிருந்து இறைச்சி அதிகம் சாப்பிட வேண்டாம், சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் குறைவாக இருப்பதுபோல் முடிவு காட்டலாம்.

"புரட்டாசி. நமக்கு அந்தக் கவலையே இல்ல" என்றாள் பாக்கியலட்சுமி.

அழகப்பன் அந்தக் கடைசி வரியை எம்ஆர்டி ரயிலில் ஒரு தடவை படித்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். செய்யாதே என்று எழுதியிருந்த வரி, எப்படிச் செய்வது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம், ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலையில் நீடிக்க அவர் போட்டிருந்த மறுவேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஏதாவது சிகிச்சையிலோ பரிசோதனையிலோ இருந்தால் டாக்டர் கடிதம் கொண்டுவரச் சொல்லி கம்பெனி கேட்டிருந்தது. மூளை என்று ஒரு வார்த்தை அந்தக் கடிதத்தில் இருந்தால் லோட் ஷீட் பக்கம் அவரை அண்ட விடமாட்டார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால் வேலைகூட இரண்டாம் பட்சம்தான். தனக்கு ஒன்றுமில்லை என்று யாராவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்ட தாளை நம்பியே பிழைத்த மனிதர், வேறென்ன கேட்பார்?

அழகப்பன் புரட்டாசியில் இறைச்சி தொட்டு நாற்பது வருடம் ஆகிறது. கம்பெனி விருந்தில் எல்லோரும் ஆட்டுக்காலைக் கடித்துக்கொண்டிருக்க, இவர் ஓரமாக உட்கார்ந்து வெள்ளைச் சோறும் பருப்பும் பிசைவார். பாக்கியலட்சுமிக்கு அதில் ஏகப் பெருமை. சொந்தக்காரர்களிடம் போனில் பேசினால் எந்தப் பேச்சையும் சுற்றிவளைத்து அதில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அழகப்பன் தேக்கா கடைத்தெருவில் போய் இறங்கினார். ரத்தம் எடுக்கத்தானே, நீ எதற்கு என்று பாக்கியத்தை வீட்டிலேயே நிறுத்தியாகிவிட்டது. வழக்கமாகப் போகிற பிரியாணிக் கடைக்குப் போக வழியில்லை. முதலாளி நெய்னா முகம்மதுவுக்கு இவருடைய விரதம் இவர் மனைவியைவிட நன்றாகத் தெரியும், "என்ன அண்ணே, புரட்டாசியில வழிதவறி வந்துட்டீங்க?" என்று ஊருக்கே கேட்கும்படிக் கேட்டுவிடுவார். அதனால் டன்லப் ஸ்திரீட்டையும் தாண்டி, இதுவரை கால் வைக்காத ஒரு கடையைத் தேடிப் பிடித்தார். தெரிந்த முகம் இருக்கிறதா என்று உள்ளே பார்த்தாரே தவிர மேலே பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மட்டன் பிரியாணி. தனியா ஒரு பிளேட் மட்டன்."

கொண்டுவந்து வைத்தார்கள். நாற்பது வருடத்துக்கு அப்புறம் புரட்டாசியில் முதல் வாய். ருசியாக இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும், ருசி தெரியவில்லை. மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். ஒரு பிளேட் போதுமா என்று சந்தேகம் வந்து இன்னொரு பிளேட் மட்டனுக்குச் சொன்னார். பரிமாறியவர், "நல்ல பசி போல, அங்கிள்" என்று சிரித்தார். அழகப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஏமாற்றி வாங்குகிற முடிவு உண்மையான முடிவு இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துகொண்டுதான் எலும்பை உறிஞ்சினார். பயம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது.

மூன்று தடவை கைகழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, தானே கொண்டுபோய் வாஷிங் மெஷினில் போட்டார். அன்று சாயங்காலம் பாக்கியலட்சுமி தயிர்சாதம் பிசைந்து வைத்தாள். பசிக்கவில்லை என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை இருவரும் டாக்டர் யாமினி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அங்கிள், கிட்னி ரீடிங் குறைஞ்சிருக்கு. மூணு மாசம் முன்னாடி பாலிகிளினிக்ல எழுபத்தெட்டு இருந்தது. இப்ப ஐம்பத்தாறு."

"அப்பாடா!" என்றாள் பாக்கியலட்சுமி.

டாக்டர் திகைத்துப்போனாள். இந்தச் செய்தியைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருப்பாள், கோபப்பட்டவர்களைப் பார்த்திருப்பாள், இப்படி நெஞ்சில் கைவைத்துப் பூரித்தவர்களைப் பார்த்திருக்க மாட்டாள்.

"கொஞ்ச நாள்ல இவ்வளவு இறங்கியிருக்கு. வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து?"

"இல்ல" என்றார் அழகப்பன்.

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நிறைய இறைச்சி?"

அழகப்பன் வாயைத் திறப்பதற்குள் பாக்கியலட்சுமி முந்திக்கொண்டாள். "புரட்டாசி டாக்டர். இவர் நாப்பது வருஷமா புரட்டாசியில தொட்டதில்ல. முட்ட போட்ட கேக்குகூட சாப்பிடமாட்டார்."

டாக்டர் தலையாட்டிவிட்டுத் தட்டத் தொடங்கினாள்.

"அப்ப டவ் ஏறினதுக்கு கிட்னியே காரணமா இருக்கலாம். ஒரு விதத்துல நல்ல செய்திதான். மெமரி கிளினிக் அப்பாயிண்ட்மெண்ட் இப்போதைக்கு வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம். கிட்னி டாக்டர்கிட்ட அனுப்பறேன். சுகர் மாத்திரை ஒண்ணை பாதியாக் குறைக்கணும். கம்பெனிக்கு லெட்டர் கேட்டீங்களே, அதையும் குடுத்துடறேன்."

பிரிண்டர் உறுமிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. எதிர்ப் பக்கமிருந்தே அழகப்பன் அதைப் படித்தார், தலைகீழாக இருக்கிற தாளைப் படிப்பது அவர் தொழிலில் சாதாரணம். தற்போதைய பரிசோதனைப்படி இவர் பணியைக் கட்டுப்படுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கோயிலில் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. கொஞ்சமாகக் கெட்ட சிறுநீரகம், சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு கடிதம். இரண்டு நொடி அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடப் போகும் அந்தக் கையை அழகப்பன் பார்த்தார். இந்தப் பெண் தப்பான எடையின்மேல் கையெழுத்துப் போடப் போகிறாள். எடையை மாற்றி வைத்தது அவர். எட்டிப் பார்த்துச் சொல்ல அவளுக்குப் பக்கத்து மேசையில் ஒருவரும் இல்லை. இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் மறுநாளே சாங்கிக்குப் போவார், லோட் ஷீட்டை எடுப்பார், என்றைக்காவது ஒரு நாள் ரிஸ்வான் லீவில் இருப்பான்.

"டாக்டர், கையெழுத்துப் போடாதீங்க" என்றார். "நான் மட்டன் சாப்பிட்டேன். ரத்தம் எடுக்க வர்றதுக்கு முன்னாடி. ரெண்டு பிளேட், பிரியாணியோட."

பாக்கியலட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துத்தான் பேசினாள், ரொம்ப நிதானமாக.

"அவர் சாப்பிடல டாக்டர். வீட்டுல நான்தான சமைக்கிறேன். அவர் சொல்றதக் கணக்குல எடுத்துக்காதீங்க. சில சமயம் எப்பவோ நடந்தத நேத்து நடந்தமாதிரி பேசுவார்."

"பாக்கியம்!"

"வயசாகுதில்ல" என்று அவள் டாக்டரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அழகப்பன் பக்கம் திரும்பினாள். அதுவரை பேசிய குரல் போய், நிறுத்தி நிறுத்தி, சற்று உரக்கப் பேசும் வேறொரு குரல் வந்தது. குழந்தைகளிடமும் நினைவு தப்பியவர்களிடமும் பேசுகிற குரல்.

"அங்கிள், எந்தக் கடையில சாப்பிட்டீங்க?"

"தேக்காவுல. டன்லப் ஸ்திரீட் தாண்டி."

"கடை பேரு?"

அழகப்பன் விழித்தார். "பேரு... பார்க்கல. முன்னாடி போனதில்ல அந்தக் கடைக்கு."

"யாரோட போனீங்க?"

"தனியாத்தான்."

"சரி அங்கிள். பரவாயில்ல" என்று டாக்டர் கனிவாகச் சொன்னாள். அந்தக் கனிவு அவரைச் செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது. பக்கவாட்டில் திரும்பியிருந்த திரையில் அவள் தட்டிய ஆங்கிலத்தை அவரால் படிக்க முடிந்தது. புரட்டாசி விரதத்தில் இறைச்சி சாப்பிட்டதாகச் சொல்கிறார், விவரம் சொல்லத் தெரியவில்லை, மனைவி மறுக்கிறார், நடக்காததை நடந்ததாக நம்புகிறாரா என்று பார்க்க வேண்டும்.

"பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். பத்து நிமிஷம் வெளிய உட்காருங்க" என்று அவள் எழுந்தாள். கடிதம் கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது.

வெளியே வரிசை வரிசையாக நாற்காலிகள். நம்பர் மாறும்போதெல்லாம் மணியடித்தது. அழகப்பன் உட்கார்ந்து, அந்தக் கடையை நினைவில் கொண்டுவரப் பார்த்தார். எந்த மேசை? சுவரோரமா, வாசல் பக்கமா? பரிமாறியவருக்கு மீசை இருந்ததா? சோறு வாழையிலையிலா, தட்டிலா? ஒன்றும் நிச்சயமாக வரவில்லை. முப்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவள் அடித்துச் சொல்கிறாள், சாப்பிடவில்லை என்று. அவள் எதற்காகப் பொய் சொல்லப் போகிறாள்? அப்படியானால் அந்தக் கடை, அந்தக் கண்ணீர், கழுவிய கை?

"பாக்கியம்" என்றார். "நான் நெசமாவே சாப்பிடலயா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கோபத்தில் கேட்கவில்லை, குத்திக் காட்டவும் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிறார். தெருவில் கை நழுவிப்போன பிள்ளை யாரோ ஒருவரிடம் வழி கேட்பதுபோல் கேட்கிறார். அதைப் பார்த்ததும் பாக்கியலட்சுமியின் முகம் உடைந்துவிட்டது.

"சாப்பிட்டீங்க" என்றாள். "சாப்பிட்டீங்க, சாப்பிட்டீங்க. நீங்க சொன்னதுதான் சரி. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாளாவது நீங்க மெஷின்ல சட்டை போட்டிருக்கீங்களா? அன்னிக்கே எடுத்து மோந்து பார்த்துட்டேன். அந்தப் பேப்பர நானும்தான படிச்சேன். எதுக்குச் சாப்பிட்டீங்கன்னும் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி அப்படிச் சொன்ன?"

"கிட்னியாவே இருக்கட்டும்னு சொன்னேன்!" பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார், அவள் கவலைப்படவில்லை. "கிட்னின்னா மாத்திரை இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. பக்கத்து புளோக் ஃபர்சானா வீட்டுக்காரர் எட்டு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் போயிட்டு வர்றார், பேரப்பிள்ளைய ஸ்கூல்ல விடுறார், எல்லாம் பண்றார். மூளைன்னா என்ன இருக்கு? நீங்க என் பக்கத்துல உக்காந்துகிட்டு நான் யாருன்னு கேப்பீங்க. நானும் கோயில்ல கிட்னியத்தான் கேட்டேன். டாக்டரே கிட்னின்னு பாதி ஒத்துக்கிட்டப்ப நீங்க போய்க் கெடுக்கறீங்களேன்னு வாயில வந்துருச்சு."

அழகப்பனுக்குக் கோபம் வந்தது. பெரிய கோபம். ஆனால் அவள்மேல் முழுதாகப் படமுடியாமல் அது திரும்பி வந்தது. முதலில் ஏமாற்றியது யார்?

"நீ சொன்னதுக்கு அந்தப் பொண்ணு என்ன எழுதுச்சு தெரியுமா?" என்றார். "நடக்காதத நடந்ததா சொல்றேனாம். கிட்னியக் காப்பாத்தறேன்னு என்னையப் புத்தி பேதலிச்சவனா ஆக்கிட்ட. அதக்கூட விடு. இப்ப ஒரு அஞ்சு நிமிஷம் நானே அத நம்பிட்டேன் பாக்கியம். சாப்பிட்டமா இல்லையான்னு எனக்கே தெரியல. அவ்வளவு பயமா இருந்துச்சு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது மூளைதான்னா, நான் சொல்றது நெசமா இல்லையான்னு எனக்கே தெரியாத நாள் வரும். அன்னிக்கு உன்னையத்தான் கேப்பேன். வேற யாரக் கேக்கறது? நீயும் என் மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொன்னா நான் எங்க போவேன்?"

பாக்கியலட்சுமி மூக்கைத் துடைத்தாள், சேலையைச் சரிசெய்தாள், எழுந்து நேராகப் போய், அப்போதுதான் திரும்பி வந்திருந்த டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். கூப்பிடும்வரை காத்திருக்கிற பழக்கமுள்ளவள், அன்று காத்திருக்கவில்லை. அழகப்பன் பின்னாலேயே போனார்.

"டாக்டர், அவர் சாப்பிட்டார்" என்றாள். "அவர் சொன்னது அத்தனையும் சரி. நான்தான் பொய் சொன்னேன். எழுதினத அழிச்சிடுங்க."

டாக்டர் யாமினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அழகப்பனுக்குத் தோன்றியது. அவள் திரையில் எழுதியதை அழித்தாள், கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பழைய குரலிலேயே பேசினாள்.

"தேங்க்ஸ் ஆண்ட்டி. அப்ப இந்த கிட்னி ரீடிங்க நம்ப முடியாது. இறைச்சி சாப்பிட்டாலும் மாறாத இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதுக்கு இன்னிக்கே ரத்தம் எடுத்துடலாம். ஆனா மூணு மாசம் முன்னாடி எழுபத்தெட்டு இருந்த கிட்னி அங்கிள் உங்களோடது. அது நல்லா இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

நல்லா இருக்கும் என்ற சொல்லைக் கேட்டு இரண்டு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்பெனி லெட்டர் வேணாம் டாக்டர்" என்றார் அழகப்பன். மூன்று மாதத்துக்கு முந்தைய பேலட் விஷயத்தைச் சொன்னார். ரிஸ்வான் காட்டிய பிறகும் புரியாத அந்த ஒரு நிமிடத்தையும் விடாமல் சொன்னார். "நாளைக்கே நானே மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன். எல்லா டெஸ்டும் முடியறவரைக்கும் லோட் ஷீட்ல கை வைக்கமாட்டேன்." பாக்கியலட்சுமி இதை முதல் தடவையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "மெமரி கிளினிக்குக்கு இது வேணும். கூட இருக்கறவங்க நிரப்பணும், அங்கிள் இல்ல. பத்துக் கேள்வி. உள்ளத உள்ளபடி போடுங்க ஆண்ட்டி, பொய் வேண்டாம்."

வெளியே அதே நாற்காலிகள். பாக்கியலட்சுமி கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். கேட்டதையே திரும்பக் கேட்பது உண்டா? அவள் பேனா கொஞ்ச நேரம் தயங்கியது, பிறகு ஆம். பழகிய வேலையில் தவறு செய்வது உண்டா? ஆம். சந்திப்பு நேரங்களை மறப்பது? இல்லை. அழகப்பன் ஒவ்வொரு கேள்வியையும் அவள் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டு வந்தார். தடுக்கவில்லை. ஏழாவது கேள்விக்கு வந்தாள். நன்றாகத் தெரிந்த இடத்தில் வழி தடுமாறியது உண்டா? அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சந்தோஷமாக 'இல்லை' பக்கம் பேனாவைக் கொண்டுபோனாள்.

"ஆம்னு போடு" என்றார் அழகப்பன்.

அவள் நிமிர்ந்தாள்.

"தீபாவளிக்கு முன்னாடி, போன வருஷம். வேலை முடிஞ்சு வந்தேன். நம்ம புளோக் கீழ வந்து நின்னுட்டேன். எந்த மாடின்னு தெரியல. முன்ன புக்கிட் பாத்தோக்ல இருந்தமே, அந்தப் பழைய வீட்டு நம்பர்தான் மனசுல வருது. லிஃப்ட்ல யாராவது வந்தா கேக்கலாம்னு நின்னேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. கீழ பெஞ்சுல உக்காந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் நீ போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்ட. பஸ் லேட்டுன்னு சொன்னேன். உன் குரலக் கேட்டதும் மாடி ஞாபகம் வந்துருச்சு."

பாக்கியலட்சுமி 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மடியில் நழுவவிட்டு, கூட்டம் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். அழகப்பன் அவள் முதுகில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சம் அடங்கியதும் பேனாவை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தார். இன்னும் மூன்று கேள்விகள் இருந்தன.